ஒன்றியமும் பிரிவும்: சி.பி. இராமசாமி ஐயரின் வாழ்வு, ஏலமலைச் சரிவிலிருந்து ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

1947இல் திருவிதாங்கூரைத் தனிநாடாக அறிவித்தவர் திவான் சி.பி. இராமசாமி ஐயர். 1962இல் இந்திய ஒன்றியத்தின் ஒருமைப்பாட்டைக் காக்க அரசமைப்புத் திருத்தம் வேண்டும் எனப் பரிந்துரைத்த குழுவின் தலைவரும் அவரே. இவ்விரு நிலைப்பாடுகளையும் முரண் என்று ஒதுக்காமல், அவற்றுக்கிடையே உள்ள உறவை அவரது வாழ்க்கை வரலாற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கின்றது. போடிநாயக்கனூர் வட்டாரத்து ஏலமலைச் சரிவு மக்களின் நீர், வணிகம், உழைப்பு ஆகியன இவ்வாராய்ச்சிக்கு உரைகல்லாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சி.பி. இராமசாமி ஐயர், திருவிதாங்கூர், ஏலமலை, பெரியாறு, பதினாறாவது அரசமைப்புத் திருத்தம், திராவிட நாடு, மாநில எல்லை.

முன்னுரை

தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் சிலமலை. இங்கிருந்து மேற்கே நோக்கின் தெரிவது ஏலமலைத் தொடர். போடிமெட்டு, கம்பம்மெட்டு முதலிய கணவாய்கள் வழியாக இவ்வட்டாரத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக ஏலத்தோட்ட வேலைக்கு ஏறி இறங்கி வருகின்றனர். மலையின் மேற்பகுதி 1949 வரை திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. இன்று கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ளது. அடிவாரம் சென்னை மாகாணமாக இருந்தது, இன்று தமிழ்நாடு.

எல்லை என்பது இம்மக்களுக்கு வரைபடக் கோடு அன்று. 2011ஆம் ஆண்டு இறுதியில் முல்லைப் பெரியாறு சிக்கல் முற்றியபோது, மலைத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பலர் அச்சத்தால் கீழிறங்கி வந்தனர். 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போது மெட்டுச் சாவடிகள் அடைக்கப்பட்டன. அனுமதிச் சீட்டின்றி மலையேற இயலவில்லை. ஒரே நாட்டின் இரு மாநிலங்களுக்கிடையிலேயே இந்நிலை நேர்ந்ததெனில், இம்மலை முகடு இரு நாடுகளின் எல்லையாகியிருந்தால் என்னவாகியிருக்கும் என்னும் வினா எழுகின்றது. இது வெறும் கற்பனை வினா அன்று. 1947ஆம் ஆண்டு சூன் மாதம் முதல் சூலை இறுதிவரை ஏறத்தாழ ஏழு வாரங்கள் இவ்வினா உண்மையில் நிலவியது. அதனை எழுப்பியவர் சி.பி. என்று பரவலாக அறியப்பட்ட இராமசாமி ஐயர்.

கேரள வரலாற்று நூல்கள் அவரைப் பெரும்பாலும் ஒடுக்குமுறையாளராகவும், தமிழகத்தில் எழுந்த நினைவுரைகள் பேரறிஞராகவும் காட்டுகின்றன. நாடுகளின் ஒன்றியம் பற்றிய சிந்தனையில் அவரது வாழ்வு பெறும் இடம் போதிய அளவு ஆராயப்படவில்லை.

பிறப்பும் பொதுவாழ்வு நுழைவும்

சேத்துப்பட்டு பட்டாபிராம இராமசாமி ஐயர் 1879ஆம் ஆண்டு நவம்பரில் பிறந்தார். தந்தை பட்டாபிராம ஐயர் நீதித்துறையில் பணியாற்றியவர். சென்னை மாநிலக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்ற சி.பி., குறுகிய காலத்தில் சென்னையின் முன்னணி வழக்குரைஞர்களுள் ஒருவரானார். ஜிட்டு கிருஷ்ணமூர்த்தியைத் தம் பொறுப்பில் திரும்பப் பெறவேண்டி அவர் தந்தை நாராயணையா அன்னி பெசண்ட் மீது தொடுத்த வழக்கில், தந்தையின் தரப்பில் வாதிட்டவர் சி.பி. ஆயினும் சில ஆண்டுகளில் அவர் பெசண்டின் தன்னாட்சி இயக்கத்தில் முதன்மைச் செயற்பாட்டாளராக விளங்கினார். எதிர்த்து வாதிட்ட தரப்பின் கொள்கையைப் பின்னர்த் தமதாக்கிக்கொள்ளும் இயல்பு அவர் வாழ்வில் முதன்முதலாக வெளிப்பட்ட இடம் இது. 1917-18 காலத்தில் இந்திய தேசியக் காங்கிரசின் செயலாளர் பொறுப்பையும் அவர் வகித்தார்.

காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது அவர் காங்கிரசிலிருந்து விலகினார். சட்டமுறையான படிப்படி வளர்ச்சியிலேயே அவருக்கு நம்பிக்கை இருந்தது. 1920இல் சென்னை மாகாணத்தின் தலைமை அரசு வழக்குரைஞராகவும், 1923 முதல் 1928 வரை ஆளுநரின் நிருவாகக் குழுவில் சட்ட உறுப்பினராகவும் பணியாற்றினார். மேட்டூர் அணை, பைக்காரா நீர்மின் திட்டம் ஆகியன அக்காலத்தில் உருப்பெறுவதற்கு அவரது முயற்சி துணைநின்றது. மேட்டூர் அணைக்கு வழிவகுத்தது 1924ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திற்கும் மைசூர் அரசுக்கும் இடையே ஏற்பட்ட காவிரி உடன்படிக்கை ஆகும். நீர், மின்சாரம், அரசுகளுக்கிடையிலான ஒப்பந்தம் என்னும் மூன்றும் அவர் சிந்தனையில் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. பின்னாளில் அவர் ஒன்றியத்தை நோக்கிய முறையை விளங்கிக்கொள்ள இது உதவும். அவரைப் பொறுத்தவரை அரசுகளின் உறவு என்பது அடிப்படையில் ஓர் ஒப்பந்த உறவு.

திருவிதாங்கூர்த் திவான்

1931ஆம் ஆண்டு முதல் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாளின் சட்ட, அரசமைப்பு ஆலோசகராக இருந்த சி.பி., 1936 அக்டோபரில் திவான் ஆனார். அவர் பொறுப்பேற்ற மறுமாதமே, நவம்பர் 12 அன்று, கோயில் நுழைவுப் பேரறிவிப்பு வெளியாயிற்று. 1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940இல் இயங்கத் தொடங்கியது. ஆலுவாயில் உரத் தொழிற்சாலைக்கு 1943இல் வித்திடப்பட்டது. 1944இல் மரண தண்டனை நீக்கப்பட்டது.

இவற்றின் மறுபக்கமும் உண்டு. 1938இல் பொறுப்பாட்சி கோரி எழுந்த திருவிதாங்கூர் மாநிலக் காங்கிரசின் போராட்டம் கடுமையாக ஒடுக்கப்பட்டது. 1946இல் அவர் முன்வைத்த அரசமைப்பு, மக்கள் தேர்ந்தெடுக்கும் அவையை ஏற்றுக்கொண்ட போதிலும், அவ்வவையால் நீக்க முடியாத திவானிடமே ஆட்சி அதிகாரத்தை வைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் புன்னப்புரை, வயலாரில் எழுந்த தொழிலாளர் கிளர்ச்சியைப் படை கொண்டு அவரது அரசு அடக்கியது, உயிர்ச்சேதம் பெரிது. ஆக, மக்களுக்காகப் பலவற்றைச் செய்த அவ்வாட்சி, மக்களின் இசைவைக் கேட்கும் பழக்கத்தை மட்டும் கைக்கொள்ளவில்லை. தனிநாட்டு அறிவிப்பை இப்பின்னணியிலேயே வைத்து நோக்க வேண்டும்.

1947: தனிநாட்டு அறிவிப்பு

1947 சூன் 3 அன்று இந்தியப் பிரிவினைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பிரித்தானிய முடியாட்சிக்கு மன்னராட்சிப் பகுதிகள் மீதிருந்த மேலாண்மை முடிவுறும். அஃது எந்தப் புதிய நாட்டுக்கும் தானாகக் கைமாறாது என்பது அத்திட்டத்தின் ஒரு கூறு. சூன் 11 அன்று திருவிதாங்கூர் தனி இறைமை நாடாக விளங்கும் என்று சி.பி. அறிவித்தார்.

அவரது வாதங்களை முழுதும் புறந்தள்ள இயலாது. இந்தியா என்னும் ஒருமையே பிளவுபட்டபின் எந்த ஒன்றியத்தில் சேர்வது என்பது அவர் எழுப்பிய முதல் வினா. மேலாண்மை முடிந்தால் இறைமை மன்னரிடம் மீள்கிறது என்பது அடுத்த வாதம். சட்ட நோக்கில் இவ்வாதத்துக்கு வலு இருந்தது. 1941 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 60 லட்சம் மக்கள், நீண்ட கடற்கரை, தேயிலை, இரப்பர், ஏலம், மிளகு, அணுவாற்றலுக்குப் பயன்படும் தோரியம் அடங்கிய கடற்கரை மணல் ஆகியன திருவிதாங்கூருக்கு இருந்தன. உலகில் இதனினும் சிறிய நாடுகள் தனித்து இயங்கின.

எனினும் இந்நாட்டுக்கு ஒரு பெருங்குறை இருந்தது: உண்ணும் அரிசிக்கு வெளியாரை நம்பியிருந்தது. 1942இல் பர்மா சப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. திருவிதாங்கூர் கடும் உணவுப் பஞ்சத்தைச் சந்தித்தது. 1947இல் பாகிஸ்தானுடன் வணிகத் தொடர்புக்குச் சி.பி. முயன்றதற்கு இவ்வரிசித் தேவையும் ஒரு காரணம். மலைமுகட்டுக்கு அப்பால் உள்ள கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைய, கடல் கடந்து சிந்துவின் அரிசியை நாடவேண்டிய நிலையே அத்தனிநாட்டின் பொருளியலுக்குச் சான்று.

சூலை இறுதியில் சி.பி. தில்லி சென்று மவுண்ட்பேட்டனைச் சந்தித்தார். திருவனந்தபுரம் திரும்பிய அவர் சூலை 25 அன்று இசைக் கழக விழா ஒன்றில் வெட்டுக் காயமுற்றார். தாக்கியவர் கேரள சோசலிஸ்டுக் கட்சியைச் சார்ந்த கே.சி.எஸ். மணி. சில நாள்களில், சூலை 30 அன்று, இணைப்புக்கு மன்னர் உடன்படுவதாகத் தில்லிக்குச் செய்தி சென்றது. ஆகஸ்டில் சி.பி. பதவி விலகி வெளியேறினார்.

மலைச்சரிவிலிருந்து ஒரு நோக்கு

தனிநாட்டு வாதத்தில் இடம்பெற்ற மன்னர், திவான், வைசிராய் ஆகியோரைப் பலரும் எழுதியுள்ளனர். மலையின் இருபுறத்து மக்கள் அதில் எங்கு நின்றனர் என்பது இங்கு மூன்று கூறுகளாக நோக்கப்படுகின்றது.

முதலாவது நீர். 1886 அக்டோபர் 29 அன்று கையெழுத்தான பெரியாற்றுக் குத்தகை உடன்படிக்கை 999 ஆண்டுகளுக்கு உரியது. 8,000 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் குத்தகை. 1895இல் நிறைவுற்ற அணை, மேற்கே பாய்ந்த நீரைக் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கிற்கும் மதுரைச் சீமைக்கும் திருப்பியது. இந்நீரைக் கொண்டு சென்னை அரசு மின்னாக்கம் செய்ய முற்பட்டபோது திருவிதாங்கூர் மறுத்தது. நடுவர்கள் இருவர் கருத்து வேறுபட்டமையால் வழக்கு மேல்நடுவரிடம் சென்று, 1941இல் திருவிதாங்கூருக்கு ஆதரவாக முடிந்தது. 1947இல் தில்லியிலும் இக்குத்தகை சமமற்றது என்ற முறையீட்டைச் சி.பி. முன்வைத்தார். மேலாண்மையோடு பழைய உடன்படிக்கைகளும் கழியும் என்ற கொள்கை ஏற்கப்பட்டிருப்பின், பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் பாயும் நீர் இரு அயல்நாடுகளின் பேரத்துக்கு உரியதாகியிருக்கும். ஆண்டுக் குத்தகை குறைவு என்ற முறையீட்டில் நியாயம் உண்டு. ஒன்றியத்திற்குள்ளேயே 1970இல் செய்யப்பட்ட கூடுதல் உடன்படிக்கை குத்தகையை உயர்த்தி அக்குறையை ஓரளவு தீர்த்தது. பின்னாளில் அணையின் நீர்மட்டம் பற்றி எழுந்த வழக்கில் 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எல்லாரும் விரும்பவில்லை. ஆயினும் இரு தரப்பும் சென்று முறையிட ஒரு பொது மன்றம் இருந்தது.

இரண்டாவது வணிகம். திருவிதாங்கூரில் ஏலம் நெடுங்காலம் அரசின் தனியுரிமைப் பொருளாக இருந்தது. எனினும் அதன் இயல்பான இறங்குதுறை கிழக்கு அடிவாரமே. 1865இல் பிரித்தானிய இந்தியாவுடன் திருவிதாங்கூரும் கொச்சியும் செய்துகொண்ட வணிக உடன்படிக்கை எல்லைச் சுங்கத்தைப் பெரும்பாலும் நீக்கியது. 1928இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு இருப்புப்பாதை வந்தது. அரசியல் ஒன்றியம் அமைவதற்குப் பல்லாண்டுகள் முன்பே மலையும் அடிவாரமும் ஒரே சந்தையாக இணைந்துவிட்டன என்பதற்கு இவை சான்று. தனிநாடு என்பது இச்சந்தையின் நடுவே மீண்டும் சுங்கச் சாவடி எழுப்புவதாகவே முடிந்திருக்கும்.

மூன்றாவது உழைப்பு. தேவிகுளம், பீர்மேடு பகுதிகளின் தேயிலை, ஏலத் தோட்டங்களில் உழைத்தோருள் பெரும்பகுதியினர் தமிழர். அவர்களின் உறவும் குலதெய்வமும் அடிவாரத்தில், கூலி மலைமேல். தனிநாட்டில் இவர்கள் குடிமக்களா அயலாரா என்னும் வினாவுக்கு அறிவிப்பில் விடை இல்லை.

இத்துடன் இன்னொரு குரலும் எழுந்தது. 1945 இறுதியில் நாகர்கோவிலில் தோன்றிப் பின்னர்த் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற அமைப்பு, தமிழ் வட்டங்களைப் பிரித்துத் தமிழகத்துடன் இணைக்க வேண்டியது. மார்ஷல் நேசமணி அதன் முன்னணித் தலைவரானார். இந்திய ஒன்றியத்திலிருந்து விலகும் உரிமை திருவிதாங்கூருக்கு உண்டெனில், திருவிதாங்கூரிலிருந்து விலகும் உரிமை அதன் தமிழ் வட்டங்களுக்கு இல்லையா? பிரிவைக் கோரும் எவரும் தமக்குள்ளிருந்து எழும் பிரிவுக் கோரிக்கைக்கு விடை கூறியாக வேண்டும். தாமே தமிழராகிய சி.பி., இறைமை மன்னருடையது என்ற சட்டக் கருத்தோடு நின்றமையால், இவ்வினா அவரது கணக்கில் இடம்பெறவில்லை.

இவ்வினாவுக்கு ஒன்றியம் அளித்த விடையும் முழுமையானதன்று. மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் பரிந்துரைப்படி 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. செங்கோட்டையின் பெரும்பகுதியும் வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. 1954 ஆகஸ்ட் 11 அன்று தென் திருவிதாங்கூரில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தோரை நினைக்குங்கால், கிடைத்தது விலையின்றிக் கிடைக்கவில்லை என்பது தெளிவு. ஆனால் ஒரு வேறுபாடு குறிக்கத்தக்கது. கோட்டின் எப்பக்கம் நின்றாலும் மலையேறிப் பிழைக்கும் உரிமையைத் தேவிகுளத்தை இழந்த தமிழர் இழக்கவில்லை.

1962: ஒருமைப்பாட்டுக் குழுவின் தலைவர்

திருவிதாங்கூரை விட்டு நீங்கியபின் சி.பி. கல்வித் துறைக்குத் திரும்பினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம், பனாரசு இந்துப் பல்கலைக்கழகம் ஆகிய இரண்டிலும் துணைவேந்தராகப் பணியாற்றினார். இந்து சமய அறநிலைய ஆணையத்தின் தலைவராகவும் இருந்தார்.

1961இல் தேசிய ஒருமைப்பாட்டு மாநாடு கூடி, தேசிய ஒருமைப்பாட்டு மன்றம் அமைய வழிசெய்தது. 1962இல் அம்மன்றம் ஒருமைப்பாடும் வட்டார உணர்வும் பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்துச் சி.பி.யைத் தலைவராக்கியது. உலக நிலையும் அன்று இவ்வினாவைக் கூர்மையாக்கியிருந்தது. எகிப்தும் சிரியாவும் இணைந்த ஐக்கிய அரபுக் குடியரசிலிருந்து 1961 செப்டம்பரில் சிரியா விலகியது. மேற்கிந்தியத் தீவுகளின் கூட்டாட்சி, சமேக்க மக்கள் வாக்கெடுப்பில் விலக முடிவுசெய்தபின், 1962 மே மாதம் கலைந்தது. தமிழகத்தில் திராவிட முன்னேற்றக் கழகம் 1962 தேர்தலில் 50 சட்டமன்ற இடங்களைப் பெற்றது. அறிஞர் அண்ணா மாநிலங்களவையில் திராவிட நாட்டுக் கோரிக்கையை முன்வைத்தார்.

நாட்டின் இறைமையையும் ஒருமைப்பாட்டையும் காக்கும் பொருட்டுப் பேச்சுரிமை முதலியவற்றின் மீது நியாயமான கட்டுப்பாடு விதிக்க அரசமைப்பின் 19ஆம் உறுப்பைத் திருத்த வேண்டும். தேர்தலில் நிற்போர் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி ஏற்க வேண்டும் என்பன அக்குழுவின் முதன்மைப் பரிந்துரைகள். அக்டோபரில் சீனப் போர் மூண்டது; அண்ணா நாட்டுக் காப்புக்கு ஆதரவளித்தார். 1963 சனவரியில் நாடாளுமன்றத்திற்கு வந்த பதினாறாவது திருத்தத்தை அவர் மாநிலங்களவையில் எதிர்த்தார். 1963 அக்டோபர் 5 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதம் தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையை முறைப்படி கைவிட்டது.

ஈர் நிலைப்பாடுகளின் ஒப்பீடு

பதினைந்து ஆண்டு இடைவெளியில் சி.பி. முழுதும் மாறிவிட்டார் என்பது பொதுவான புரிதல். மாறியவை உண்டு. 1947இல் ஒன்றியம் இன்னும் உருவாகவில்லை. சேர்வதா வேண்டாவா என்பது திறந்த வினா. 1962இல் ஒன்றியம் தனக்கென அரசமைப்பும் மூன்று பொதுத் தேர்தல்களும் கண்டிருந்தது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் முறையன்று.

மாறாத ஒன்றும் உண்டு. இருமுறையும் அவர் ஒன்றியத்தைச் சட்டச் சிக்கலாகவே கண்டார். முன்னதில் இறைமை மன்னருக்கு மீள்கிறது என்ற சட்டம்; பின்னதில் உறுதிமொழி வாங்கும் சட்டம். முன்னதில் பிரிவைச் சட்டம் ஏற்றும் மக்கள் ஏற்கவில்லை. அது ஏழு வாரத்தில் மறைந்தது. பின்னதில் பிரிவுக் கோரிக்கையை மக்களிடையே வளர்ந்துவந்த ஒரு கட்சி முன்வைத்தது. அதைச் சட்டம் தடுத்தது.

திருத்தத்தால்தான் அக்கோரிக்கை மறைந்தது என்று கூறின் அது பாதி உண்மையே. தடை எழுந்த இடத்தில் மாநிலத் தன்னாட்சி என்னும் வழி திறந்திருந்தது. 1967இல் அதே கட்சி தேர்தல் வழியே ஆட்சிக்கு வந்தது; 1969 சனவரி 14 அன்று மாநிலம் தமிழ்நாடு என்னும் பெயரைப் பெற்றது; அவ்வாண்டே மத்திய மாநில உறவை ஆராய இராசமன்னார் குழு அமைந்தது. பிரிய வேண்டும் என்ற உணர்வின் பின்னிருந்த மொழி, உரிமை, தன்மதிப்பு ஆகிய வேட்கைகளுக்கு ஒன்றியத்துக்குள்ளேயே இடம் கிடைத்தமை, உறுதிமொழியினும் ஆழமாகப் பணிபுரிந்தது எனலாம். இத்தகைய இடம் மறுக்கப்பட்ட பாகிஸ்தான் ஒன்றியம் 1971இல் பிளவுபட்டது. அங்கும் ஒருமைப்பாட்டைக் காக்கும் சட்டங்களுக்குக் குறைவில்லை.

இம்மாற்றங்களைக் காணச் சி.பி. இல்லை. 1966 செப்டம்பர் 26 அன்று இலண்டனில் அவர் காலமானார்.

முடிவுரை

எதிர்த்தரப்பின் வாதத்தைத் தமதாக்கிக்கொள்ளும் ஆற்றல் சி.பி.க்கு இருந்தது; பெசண்டு வழக்கு முதல் ஒருமைப்பாட்டுக் குழு வரை அதனைக் காணலாம். அதனைச் சந்தர்ப்பவாதம் என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. ஒப்பந்தத்தையும் சட்டத்தையும் அரசியலின் அடிப்படையாகக் கொண்ட வழக்குரைஞர் மனத்தின் இயல்பு அது.

ஒன்றியம் நிலைக்க வேண்டுமா பிரிய வேண்டுமா என்னும் வினாவுக்கு, நிலைத்தலே நன்று என்பதே ஏலமலைச் சரிவு தரும் விடை. நீருக்கும் சந்தைக்கும் உழைப்புக்கும் பொதுவான மன்றம் வேண்டும் என்பது அதற்குக் காரணம். ஆனால் அவ்விடை நிபந்தனையோடு கூடியது. ஒன்றியத்துக்குள் இருந்தும் 2011இல் தொழிலாளர் அஞ்சி இறங்கி வர நேர்ந்தது. அவர்களை அன்று 19ஆம் உறுப்பின் திருத்தம் காக்கவில்லை. நாட்டின் ஒருமைப்பாட்டைக் காக்க உறுதிமொழி ஏற்கும் இரு மாநில ஆட்சியாளர்களும், மெட்டு ஏறும் தொழிலாளியின் பாதுகாப்பையும் அவ்வுறுதிமொழியின் பொருளாகக் கொள்ளும்போதே ஒன்றியம் அவருக்குப் பயன்படும்.

சி.பி.யின் இரு முடிவுகளிலும் கேட்கப்படாத குரல் அத்தொழிலாளியுடையது. தேவிகுளம், பீர்மேடு, போடி, கம்பம் வட்டாரங்களின் வாய்மொழி வழக்காறுகளில் 1947ஆம் ஆண்டின் அவ்வேழு வாரங்கள் எவ்வாறு நினைவுகூரப்படுகின்றன என்பதைக் களஆய்வு வழித் தொகுத்தல், இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும். அந்நாளில் வயதுவந்தோராய் மலையேறியவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே ஆதலின், அப்பணி காலம் தாழ்த்தாது தொடங்கப்பட வேண்டும்.